ஈரச் சிங்கம்

சிங்கத்தின் முகம் பிளந்துவிட்டது.

அது மரச் சிங்கம். முதல் பயணத்திலேயே, துறைமுகம் தாண்டுமுன் கவிழ்ந்த ஸ்வீடன் போர்க்கப்பலில் இருந்தது. முந்நூறு வருஷத்துக்கு மேல் கடலடியில் கிடந்தது. கப்பலை மேலே தூக்கியது முதல் அதன்மேல் ஓயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். சிங்கம் நனைந்தே கிடப்பதைப் பார்க்க மரவேலைக்காரி சீக்ரித்துக்கு மனசு கேட்கவில்லை. சிங்கத்தை அடுப்போரம் வைத்தாள்.

காய்ந்தது. நெற்றி முதல் தாடை வரை வெடித்தது.

ஆசான் தோர்க்கெலிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"முழுகினதைக் காயவைத்தேன் ஐயா. அது தப்பா?"

"மரம் மக்கிப்போச்சு. உள்ளே தண்ணீர்தான் எலும்பு. உருவிவிட்டாய்."

"அருங்காட்சியக இயக்குநர் வருகிறார். வேலை போய்விடும். அடுப்புக்குக் கரி போடுகிற எர்லண்ட் சூட்டைக் கூட்டிவிட்டான் என்று சொல்லட்டுமா?"

"கப்பல் ஏன் முழுகியது?"

"மேலே கனம் ஜாஸ்தி."

"முன்னாடியே தெரியாதா?"

"தெரியுமே. ஆட்களைத் தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுப் பார்த்தார்களாம். கவிழப் பார்த்ததாம். நிறுத்திவிட்டார்கள்."

"கப்பலையா?"

"ஓட்டத்தை."

"விசாரணையில் யார் மேல் குற்றம்?"

"யார் மேலும் இல்லை."

"ம். யாருமே முழுகடிக்காத கப்பல்."

தோர்க்கெல் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

சீக்ரித்துக்கு ஒன்றும் புரியவில்லை. எர்லண்டைப் பற்றிக் கேட்டால் இந்த மனுஷன் ஏன் கப்பலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்?

இயக்குநர் வந்தார்.

"யார் வேலை இது?"

எர்லண்ட் வாசலில் கரி அள்ளிக்கொண்டிருந்தான். சீக்ரித் வாயைத் திறந்தாள். என்ன வரப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான்தான்."

தோர்க்கெல் எழுந்தார். பிளந்த சிங்கத்தின் ஜோடியான இன்னொரு மரச் சிங்கத்தைத் தொட்டியிலிருந்து சொட்டச் சொட்ட எடுத்து அவள் கையில் வைத்தார். மெழுகு கரைத்த வாளியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

"பைத்தியமா உமக்கு?" இயக்குநர் கத்தினார். "உடைத்தவளிடமேவா?"

"வேறு யாராவது உடைத்திருக்கிறார்களா? சொல்லும், அவரிடம் கொடுக்கிறேன்."

இயக்குநர் போய்விட்டார்.

"ஐயா, திட்டவாவது செய்யுங்கள்."

"பூசு. தண்ணீர் போகிற இடத்தில் மெழுகு உட்காரணும்."

"எவ்வளவு நாள்?"

"சிங்கத்தைக் கேள்."

பூசினாள். கேட்டாள். சிங்கம் ஒன்றும் சொல்லவில்லை. வருஷங்கள் போயின.

தலை நரைத்த இயக்குநர் மறுபடி வந்தார். மெழுகேறிக் காய்ந்த ஜோடிச் சிங்கத்தை விரலால் தடவினார். ஒரு கீறல் இல்லை.

"யாரய்யா காப்பாற்றினது?"

தோர்க்கெல் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். சீக்ரித் தரையைப் பார்த்தாள்.

கரிக்கூடையை இறக்கிவைத்துவிட்டு எர்லண்ட் சொன்னான்:

"நம்ம சீக்ரித்."