காயாம்பூவும் முடியாத திருநாளும்

வெகு வெகு காலத்துக்கு முன்னே, கப்பல் முகப்பில் கண் வரைந்து கடலுக்கு அனுப்பிய காலத்தில், பவளத்துறை என்று ஒரு பட்டினம் இருந்தது. பழைய பட்டினம். அதன் கோட்டைச் சுவரைக் கட்டியது யார் என்று கேட்டால் ஊரில் பத்துப் பேர் பத்துப் பதில் சொல்வார்கள். அவ்வளவு பழசு.

அந்த ஊரில் மாசி மாதப் பௌர்ணமி அன்று சங்குத் திருநாள். அன்று ஒரு படகும் கடலுக்குப் போகாது. வீட்டுக்கு வீடு பனையோலையில் குட்டிக் கப்பல் முடைந்து வாசலில் தொங்கவிடுவார்கள். வணிகர் தெருவில் பட்டுத் துணி ஆடும். மீனவர் தெருவில் சிப்பி மாலை கிலுகிலுக்கும். துறைமுக வாசலின் மூன்று யானை உயரத் தூண்களுக்கு நடுவே மாவிலைத் தோரணம் ஏறும். அன்றைக்கு அரண்மனைக் கதவும் திறந்திருக்கும். ஊர் முழுக்க ராஜா வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு.

தோரணம் கட்ட ஊரே திரண்டு வரும். அதை இறக்க ஒருத்திதான் வருவாள். அவள் பெயர் காயாம்பூ.

கட்டுகிறவர்களுக்கு மாலை உண்டு, மரியாதை உண்டு. மறுநாள் ஏணியும் கொக்கிக் கழியுமாக வந்து இறக்குகிறவளை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதைப் பற்றி அவளுக்கு ஒரு குறையும் இல்லை. உப்புக் காற்றில் இறுகிப்போன கயிற்று முடிச்சை நகத்தால் நெம்பி, கத்தி வைக்காமல் அவிழ்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். எல்லாம் இறக்கிய பிறகு, அப்போதுதான் முகம் கழுவிய குழந்தை மாதிரி தெரு நிற்கும். அதைப் பார்ப்பதில் இன்னொரு சந்தோஷம்.

அவள் கணவன் சேந்தன் மாலுமி. அந்த வருஷம் கப்பல் ஏறும்போது, "திருநாளுக்கு இருக்க முடியாது புள்ள. மறுநாள் வந்து நிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஆகவே ஊர் திருநாளுக்காக நாளை எண்ணியது. காயாம்பூ மறுநாளுக்காக எண்ணினாள்.

அந்த ஊர் ராஜா மகிழ்மாறனுக்கு இருபது வயது. தாயில்லை, தகப்பனில்லை. பெரிய அரண்மனை, நூறு அறை, பேச ஓர் ஆளில்லை. யாரிடம் பேசினாலும் "உத்தரவு மகாராஜா" என்று குனிவார்கள். திருநாள் அன்று மட்டும்தான் குழந்தைகள் அவன் மடியில் ஏறி மீசையைப் பிடித்து இழுக்கும். அவனுக்கு அந்த ஒரு நாள் போதவில்லை.

திருநாள் சாயங்காலம், கூட்டம் கலைகிற நேரத்தில், தாடி நரைத்துத் தரையைத் தொடுகிற ஒரு கிழவன் வந்தான். கையில் ஒரு சுரைக்குடுக்கை, தோளில் ஒரு பை. அவன் மந்திரவாதி கபாலகேது.

"மகாராஜா, உமக்கு என்ன வேண்டும்?"

"ஒன்றும் வேண்டாம், தாத்தா. இந்த நாள் முடியாமல் இருந்தால் போதும்."

"அவ்வளவுதானா!" என்று சிரித்தான் கபாலகேது. பைக்குள் கை விட்டு ஒரு தோரணத்தை எடுத்தான். இலையெல்லாம் பொன். கயிறும் பொன். "இதை உம் கையாலேயே துறைமுக வாசலில் கட்டும். மூன்று முடிச்சுப் போடும். இது தொங்குகிற வரை திருநாள் முடியாது."

ராஜா கட்டினான். ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு.

மறுநாள் காலையில் காயாம்பூ தலை சீவி, பூ வைத்து, ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தெருவில் மேளம் கேட்டது. "இன்று சங்குத் திருநாள்!" என்று பறையறைகிறவன் கத்திக்கொண்டு போனான்.

"அது நேத்துல்ல?" என்றாள்.

"நேத்தும் திருநாள்தான்க்கா. இன்னைக்கும் திருநாள்தான். பஞ்சாங்கத்தைப் பாருங்க, பௌர்ணமின்னுதான் போட்டிருக்கு!"

மாவிலை அப்போதுதான் பறித்தது போல் பச்சையாக இருந்தது. கடலைப் பார்த்தாள். காற்றே இல்லை. தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. கப்பல் ஒன்றும் வரவில்லை.

அன்றும் திருநாள். மறுநாளும் திருநாள். அதற்கு மறுநாளும் திருநாள்.

முதல் மூன்று நாள் ஊரே குதித்தது. விடிந்தால் பானையில் சர்க்கரைப் பொங்கல் தானாகவே பொங்கியிருந்தது. பத்தாம் நாள் குழந்தைகள் பொங்கலைத் தள்ளிவிட்டு, "உப்புக் கருவாடு குடும்மா" என்று அழுதன. கருவாட்டுக்கு எங்கே போவது? படகு கடலுக்குப் போனால்தானே! இருபதாம் நாள் மேளக்காரர்களின் விரல் வீங்கியது. கொல்லர் தெருப் பொன்னிக்கு நிறை மாசம். "நாளைக்கு வலி எடுத்துடும்" என்று மருத்துவச்சி சொன்னாள். அந்த நாளை வரவே இல்லை. பொன்னி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

ஒவ்வொரு சாயங்காலமும் காயாம்பூ மாவிலைத் தோரணத்தை இறக்கினாள். ஒவ்வொரு காலையும் அது திரும்ப ஏறி நின்றது. பொன் தோரணத்தை மட்டும் அவள் தொடவில்லை. அது ராஜா கட்டியது.

எல்லாம் அந்தப் பொன் தோரணம் ஏறியதிலிருந்துதான் என்று தோன்றி, நாற்பதாம் நாள் அவள் நேராக அரண்மனைக்குப் போனாள்.

"ராசா, தோரணத்தை இறக்க உத்தரவு குடுங்க."

மகிழ்மாறன் முகம் வாடியது. "இறக்கினால் நாளைக்கு நீங்களெல்லாம் போய்விடுவீர்களே, அக்கா."

"போவோம். வேலை இருக்குல்ல? அப்புறம் வருவோம்."

"அடுத்த வருஷம்!"

இத்தனை பெரிய வீட்டில் இந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று நினைத்தபோது அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. "என் வீட்டுக்காரர் கடல்ல நிக்கிறார், ராசா. பொன்னிக்குப் புள்ள பொறக்கல. நான் என்ன செய்யட்டும்?" என்று மட்டும் கேட்டாள்.

ராஜா உள்ளங்கையை விரித்துக் காட்டினான். விரல் நுனியெல்லாம் கொப்புளம். "இருபதாம் நாளே எனக்கும் போதும் என்றாகிவிட்டது. அவிழ்த்துப் பார்த்தேன். சுட்டுவிட்டது. கட்டின கை அவிழ்க்க முடியாது என்கிறான், தோரணம் கொடுத்த அந்தக் கிழவன். உன்னால் முடிந்தால் இறக்கு."

காயாம்பூ ஏணியைச் சாத்தி ஏறினாள். முதல் முடிச்சில் விரலை வைத்தாள். உடனே முடிச்சுக்குள் இருந்து ஒரு குழந்தை விம்மியது. "வேண்டாம் அத்தை... என் திருநாளை எடுத்துடாதீங்க..."

"அழாதே கண்ணு" என்றாள் காயாம்பூ. அவ்வளவுதான். முடிச்சு படக்கென்று இறுகி அவள் விரலைக் கவ்வியது. கையை உருவிக்கொண்டு இறங்கினாள். வாசலுக்கு எதிரே, கொடிமரத்து நிழலில், கபாலகேது கால் நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் தாடியைக் கவனித்தாள். வந்தபோது வெள்ளை வெளேரென்று இருந்த தாடி இப்போது கன்னங்கரேலென்று இருந்தது.

விரலை உப்புத் தண்ணீரில் நனைக்கலாம் என்று கரைக்குப் போனாள். அங்கே வண்டிச் சக்கரம் அளவில் ஓர் ஆமை ஒதுங்கிக் கிடந்தது.

"நீதான் முடிச்சு அவிழ்க்கிறவளா? சீக்கிரம் அவிழ்த்துத் தொலையேன்!" என்றது ஆமை.

காயாம்பூ திடுக்கிட்டாள். "ஆமை பேசுமா?"

"வயிற்றில் நூற்றிருபது முட்டையை வைத்துக்கொண்டு நாற்பது நாள் காத்திருந்து பார். நீயும் என்னென்னவோ பேசுவாய். பௌர்ணமிக்கு மறுநாள்தான் எனக்கு முட்டையிடுகிற நாள். மறுநாள் எங்கே?" என்று மூச்சு விட்டது ஆமை. "அந்த மந்திரவாதிக்கு ஒரு தீவு உண்டு, அதன் கரையில்தான் நான் இளைப்பாறுவேன். தோரணத்துக்குப் பொன்னைத் தட்டிக்கொண்டே உளறிக்கொண்டிருந்தான், கேட்டேன். இந்த ஊருக்கு வராமல் போன ஒவ்வொரு விடியலும் அவன் குடுக்கைக்குள் போகிறது. அதைக் குடித்துத்தான் அவனுக்கு வயது குறைகிறது. முடிச்சு மூன்றும் மூன்று குரலில் கெஞ்சும். பதில் சொன்னால் இறுகும். வாயைத் திறக்காமல் இருந்தால் சாதாரணக் கயிறுதான்."

"கெஞ்சுறது எல்லாம் பொய்தானே?"

ஆமை கண்ணை மூடித் திறந்தது. "தெரியாது, தாயி. பொய்யும் சொல்லும். மெய்யும் சொல்லும்."

காயாம்பூ திரும்பி வந்தாள். உச்சி வெயில். உதட்டைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

முதல் முடிச்சு குழந்தையாய் அழுதது. அத்தை என்றது, அம்மா என்றது. அவள் கண்ணில் நீர் வந்தது, வாயில் சொல் வரவில்லை. நகத்தால் நெம்பினாள். முதல் முடிச்சு அவிழ்ந்தது.

இரண்டாம் முடிச்சு தேனாய்ப் பேசியது. "காயாம்பூ, உன்னை இந்த ஊர் என்றைக்காவது மதித்ததா? அப்படியே விட்டுவிடு. நாளை முதல் மாலை உனக்கு. முதல் தாம்பூலம் உனக்கு. பல்லக்கில் உன்னை ஏற்றுகிறேன்." அவள் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தாள். இரண்டாம் முடிச்சு அவிழ்ந்தது.

அதுவரை உட்கார்ந்திருந்த கபாலகேது துள்ளி எழுந்தான். ஓடி வந்து ஏணியைப் பிடித்து உலுக்கினான். ஏணி ஆடியது, அவள் தூணைக் கட்டிக்கொண்டாள். அப்போது யாரோ ஒருவர் பாய்ந்து வந்து மந்திரவாதியை மார்பால் தள்ளிவிட்டு ஏணியை இறுகப் பிடித்தார். குனிந்து பார்த்தாள். ராஜா! கொப்புளம் வெடித்து ரத்தம் வர, மகிழ்மாறன் ஏணியை விடவில்லை.

அவள் மூன்றாம் முடிச்சைத் தொட்டாள்.

"புள்ள..." என்றது முடிச்சு.

சேந்தனின் குரல். அவனேதான்.

"புள்ள, அவிழ்க்காதே. என் கப்பலுக்கு முன்னால கருமேகம் நிக்குது. நாளை விடிஞ்சா புயல். விடியாத வரைக்கும் நான் உசுரோட இருப்பேன். இப்படியே இருந்துட்டுப் போறேனே... என்னைக் கொல்லாதே, புள்ள."

காயாம்பூவின் கை நின்றது. இது பொய்யா? மெய்யா? பொய்யும் சொல்லும், மெய்யும் சொல்லும் என்றதே ஆமை! "எங்கே இருக்கீங்க?" என்று கேட்க நாக்குத் துடித்தது. பல்லால் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கடலைப் பார்த்தாள். அசையாத கடல். அதன் நடுவே எங்கோ ஒரு கப்பல், பாய் தொங்கிப்போய், முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல். புயலில் என்ன செய்ய வேண்டும் என்று சேந்தனுக்குத் தெரியும். பாயைச் சுருட்டுவான், சுக்கானைப் பிடிப்பான், கத்துவான், போராடுவான். விடியாத நாளில் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

நகத்தை முடிச்சுக்குள் விட்டு நெம்பினாள். மூன்றாம் முடிச்சும் அவிழ்ந்தது.

பொன் தோரணம் சலசலவென்று கீழே விழுந்து, தரையைத் தொடுவதற்குள் வெறும் சருகாயிற்று. கபாலகேதுவின் சுரைக்குடுக்கை வெடித்தது. அதற்குள் அடைபட்டிருந்த நாற்பது விடியல்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. உச்சிப் பொழுதில் கடலுக்கு மேலே வானம் சிவந்தது, பொன்னானது, வெளுத்தது. மறுபடி சிவந்தது. ஊரே துறையில் நின்று நாற்பது வரை எண்ணியது. ஒவ்வொரு விடியலுக்கும் மந்திரவாதியின் தாடி நரைத்தது, முதுகு கூனியது. நாற்பதாவது விடியலில் அவன் ஒரு குவியல் உப்பானான். ஓர் அலை ஏறி வந்து அதை அள்ளிக்கொண்டு போயிற்று.

அன்று இரவு தூங்கி எழுந்தபோது பானையில் பொங்கல் இல்லை. காகம் கத்தியது. காற்று வீசியது. "மாவிலை வாடிப்போச்சு! மாவிலை வாடிப்போச்சு!" என்று குழந்தைகள் தெருத் தெருவாகக் கூவிக்கொண்டு ஓடின. ஆமை மணலைத் தோண்டி நூற்றிருபது முட்டையிட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கடலுக்குள் இறங்கிப் போயிற்று. மத்தியானத்துக்குள் பொன்னிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

காயாம்பூ ஏணியோடு வந்தபோது துறைமுக வாசலில் இன்னோர் ஏணி சாத்தியிருந்தது. மேலே ராஜா. "முடிச்சை எந்தப் பக்கம் நெம்புவது, அக்கா?" என்றான். அவள் காட்டிக்கொடுத்தாள். பிறகு கொல்லர் வந்தார்கள், வலைஞர் வந்தார்கள், மேளக்காரர் வீங்கிய விரலோடு வந்தார்கள். முதல் தடவையாக ஊரே தோரணம் இறக்கியது. வேலை முடிந்து மீனவர் தெருவில் எல்லோரும் கஞ்சி குடித்தபோது, ராஜா நடுவில் உட்கார்ந்து மூன்றாவது கலயத்தை நீட்டினான். "மெதுவா குடிங்க ராசா, விக்கிக்கும்" என்று யாரோ அதட்டினார்கள். அவனுக்கு அதைக் கேட்டுச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்று முதல் அரண்மனைக் கதவு எந்த நாளிலும் சாத்தப்படவில்லை.

ஆனால் சேந்தன் வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அந்த இரண்டாம் நாள் தெற்கே இடி இடித்தது. காயாம்பூ சாப்பிடாமல் துறையிலேயே நின்றாள். அவிழ்த்தது என் கைதானே என்று கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மூன்றாம் நாள் வெயில் ஏறும் நேரத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. பாய்மரம் பாதியில் முறிந்திருந்தது. முகப்பில் வரைந்த கண் ஒன்று அலையடித்து அழிந்திருந்தது. மாலுமிகள் துடுப்பு வலித்துக்கொண்டே வந்தார்கள். சேந்தன் நெற்றியில் கட்டோடு கரையில் குதித்தான்.

"கோவிச்சுக்காதே புள்ள. ஒரு நாள் பூரா காத்தே இல்ல, நடுக்கடல்ல நின்னுட்டோம். அப்புறம் பாரு, ஒரு புயல்! அப்பப்பா! மரமே போச்சு. ரெண்டு மூணு நாள் பிந்திட்டேன்."

"ரெண்டு மூணு நாளா!" என்றாள் காயாம்பூ. அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். என்ன விஷயம் என்று அவனுக்கு விளங்கவே இல்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், அவன் "நெசமாவா? நெசமாவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

முறிந்த பாய்மரத்துக்குப் பதில் ராஜா தன் தோப்பிலிருந்தே ஒரு தேக்கு மரம் வெட்டிக் கொடுத்தான். அதைக் கரைக்கு இழுத்து வர ஊரே வடம் பிடித்தது. முதல் பிடி காயாம்பூவின் பிடி.

பவளத்துறைக்காரர்கள் அங்கே சுகம். கேட்ட நீங்களும் சொன்ன நானும் இங்கே சுகம்.