உப்பு வெளியைக் கடந்த கால்கள்

“என் சட்டம் எல்லைக்கல்லோடு நின்றுவிடுகிறது, அம்மையே. நான் என்ன செய்வேன்?” என்று நீதிபதி ஆதனார் கேட்டார்.

அவருக்கு அறுபது வயது. குரு மருதியாருக்கு முப்பத்தைந்து. ஆனாலும் மனம் கலங்கும்போதெல்லாம் அவர் வந்து உட்காருவது எல்லைக்கல் அருகே இருந்த இந்தக் குடிலில்தான்.

ஆதனார் நடந்ததைச் சொன்னார்.

போன கோடையில் அரசரின் வீரர்கள் கொள்ளையரைத் துரத்திக்கொண்டு எல்லை தாண்டினார்கள். கொள்ளையருக்குத் தண்ணீர் கிடைக்கக் கூடாது என்று, அங்கிருந்த ஓர் ஊரின் ஒரே நல்ல தண்ணீர்க் கிணற்றைக் கல்லும் உப்பும் கொட்டித் தூர்த்தார்கள்.

அந்த ஊரிலிருந்து வெண்ணி என்ற பெண் நடந்தே வந்து முறையிட்டாள். யாரையும் தண்டிக்க வேண்டாம், கிணற்றை மறுபடி தோண்டிக் கொடுத்தால் போதும் என்றாள்.

எல்லைக்கு அப்பால் நடந்ததை விசாரிக்கத் தன் மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று ஆதனார் தீர்ப்புச் சொன்னார். அரசரும் சரியென்று தலையசைத்தார்.

அவளுடைய நாட்டு மன்றமோ, வேறொரு அரசரைத் தன்னால் விசாரிக்க முடியாது என்று முன்பே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டிருந்தது.

“போகும்போது ஒன்று கேட்டாள், அம்மையே. ‘அப்படியானால் எங்கள் கிணறு எந்த நாட்டில் இருக்கிறது, ஐயா?’ என்றாள். மூன்று நாளாகத் தூக்கமில்லை.”

மருதியார் அவருடைய கால்களைப் பார்த்தார்.

“அந்த ஊருக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். செருப்பு இங்கேயே இருக்கட்டும்.”

ஆதனார் எல்லைக்கல்லுக்கு அப்பால் விரிந்திருந்த உப்பு வெளியில் இறங்கினார்.

கீழே வெள்ளை. மேலே வெள்ளை. நடக்கிறோமா நிற்கிறோமா என்றே அவருக்குத் தெரியவில்லை. ஒரு முறை திரும்பிப் பார்த்தார். எல்லைக்கல் ஒரு கடுகைப் போலத் தெரிந்தது. அடுத்த முறை அதுவும் இல்லை.

ஊர் முகப்பில் வெண்ணி ஒரு குடத்தோடு நின்றாள். அரை நாள் தூரத்து ஊற்றிலிருந்து அதைச் சுமந்து வந்திருந்தாள்.

“குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும், அம்மா.”

“முதலில் காலை நீட்டுங்கள், ஐயா. வேற்று நாட்டிலிருந்து யார் வந்தாலும் கால் கழுவித்தான் உள்ளே விடுவோம். அவர்களுடைய அரசரே வந்ததாக நினைத்துக் கழுவுவது எங்கள் வழக்கம்.”

அவர் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டு வேண்டாம் என்றார். அவள் கேட்கவில்லை. முழங்கால்வரை கழுவினாள், நிதானமாக, விரலிடுக்கு விடாமல்.

“அன்று வந்த வீரர்களுக்கும் கழுவினீர்களா?”

“அறுபது பேர். அப்போது கிணறு இருந்தது. யாரும் காலை இழுத்துக்கொள்ளவில்லை, உங்களைப்போல.”

குடத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டும் இல்லை.

“குடிக்கத் தண்ணீர் நாளைக்குத்தான், ஐயா.”

ஆதனார் தாகத்தோடு திரும்பினார். ஈரக் கால்களில் உப்பு படிந்து காய்ந்தது. அதன்மேல் இன்னும் படிந்தது. குடிலை அடைந்தபோது அவர் வெள்ளைக் கல்லில் செதுக்கிய கால்களோடு நிற்பதுபோல் இருந்தது.

“என் செருப்பு?”

மருதியார் கையில் ஊசியும் நூலும் இருந்தன. “வார் அறுந்திருக்கிறது. தைக்க நாளாகும். அப்படியே போங்கள்.”

அவர் அப்படியே போனார். வழியெல்லாம் உப்பு உதிர்ந்தது. ஆனாலும் குறையவில்லை.

அரண்மனையின் தரை கருங்கல். வாசலிலிருந்து அரியணைவரை அதன்மேல் வெள்ளைத் தடங்கள் வரிசையாக விழுந்தன.

அரசர் முகம் சுளித்தார்.

“யாருடைய கால்கள் இவை?”

“உங்களுடையவை, அரசே.”

துணியோடு ஓடிவந்த காவலனை அரசர் கையமர்த்தினார். அரியணையிலிருந்து இறங்கி வந்து குனிந்தார். ஒரு தடத்தை விரலால் தொட்டு நாவில் வைத்தார்.

பிறகு கேட்டார்:

“அந்தக் கிணறு எத்தனை ஆழம்?”