தள்ளியது எந்தப் படகு?

நின்றிருந்த பெரிய படகுக்கு நேரே சின்னப் படகு வந்தது. இடையில் ஒரு தள்ளு. சின்னப் படகு பின்னால் பாய்ந்தது. பெரிய படகு நின்ற இடத்திலேயே நின்றது.

தள்ளியது யார்?

அவசரப்படாமல் சொல்லுங்கள். கழிமுகத் தீவின் குருகுலத்தில் அன்று எல்லாரும் அவசரப்பட்டார்கள்.

“அம்மா, மருதி அக்கா சிட்டுவைத் தண்ணியில தள்ளிட்டா!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்தான் மாசாத்தன்.

பிள்ளைகள் ‘அம்மா’ என்று அழைக்கும் ஆசிரியை அமுதவல்லி வலையில் விழுந்த ஓட்டையைப் பின்னிக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே சிட்டு வந்தாள். எட்டு வயது. தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட ஈரம்.

கடைசியாக மருதி. பிள்ளைகளிலேயே உயரமும் பருமனும் அவள்தான். விறகு ஏற்றும் பெரிய படகு எப்போதும் அவள் பொறுப்பு.

“நான் தள்ளலம்மா. கையைக்கூட நீட்டல.”

“அப்ப சிட்டு தள்ளினாளா? கொசு யானையைத் தள்ளிச்சாம்!” என்றான் மாசாத்தன்.

எல்லாரும் சிரித்தார்கள். மருதி குனிந்து தன் பெரிய கைகளைப் பார்த்தாள். தெரியாமல் தள்ளியிருப்பேனோ?

குருகுலத்தில் ஒரு விதி உண்டு. இன்னொருவரைத் தண்ணீரில் தள்ளியவர் அன்று மாலையே படிப்பை விட்டு வீடு திரும்ப வேண்டும். மருதிக்கு வீடு திரும்ப விருப்பமில்லை. பாடம் இன்னும் பாதிகூட முடியவில்லை.

அமுதவல்லி வலையை வைத்துவிட்டு எழுந்தார்.

“துறைக்கு வாங்க.”

விறகு நிறைந்த பெரிய படகில் மாசாத்தனை உட்கார வைத்தார். சின்னப் படகில் தாம் ஏறினார்.

“மத்தவங்க எல்லாரும் திரும்பி நில்லுங்க.”

நின்றார்கள். மரம் ஒருமுறை கிறீச்சிட்டது.

“இப்ப பாருங்க.”

சின்னப் படகு கோரைப் புல்லுக்குள் போய் நின்றிருந்தது. பெரிய படகு இருந்த இடத்தில் இருந்தது.

“யார் தள்ளினது?”

“மாசாத்தன்!”

மாசாத்தனின் இரண்டு கைகளும் தொடைக்கு அடியில் இருந்தன. அவற்றை மெல்ல வெளியே எடுத்துக் காட்டினான்.

“நான் சும்மாத்தான் இருந்தேன். அம்மாதான் காலால உதைச்சாங்க.”

மறுபடியும் திரும்பி நின்றார்கள். மறுபடியும் சின்னப் படகுதான் போயிருந்தது.

“இப்ப நீங்கதாம்மா!”

“இல்லையே! இந்தத் தடவை நான்தான்!” என்று மாசாத்தன் இளித்தான்.

மூன்றாம் தடவை, “பார்த்துச் சொல்ல முடியலம்மா,” என்றார்கள்.

அதைக் கேட்டதும் சிட்டு அழத் தொடங்கினாள்.

“நான் உதைச்சேம்மா. படகு ரெண்டும் மோதிடும்னு பயந்துபோய் அக்கா படகை உதைச்சேன். ஆனா பின்னால போய்த் தண்ணியில விழுந்தது நான்தானே? அதனால அக்காதான் தள்ளியிருக்கான்னு நானும் நெனச்சிட்டேன்.”

மருதி தன் கைகளை மறுபடி பார்த்தாள். அவை தள்ளவில்லை.

“அப்ப அக்கா படகு ஒண்ணுமே செய்யலையாம்மா?” என்று கேட்டான் மாசாத்தன்.

“சிட்டுவோட காலைக் கேளு.”

சிட்டு ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தேய்த்தாள். “வலிக்குதும்மா.”

“நீ படகைத் தள்ளினே. படகு உன் காலைத் தள்ளிச்சு. அதே அளவு. அதே நொடி.”

“கொஞ்சம் பொறுத்து அப்புறமா திருப்பித் தள்ளலையா?” என்றான் மாசாத்தன்.

“பொறுக்க அதுக்குத் தெரியாது.”

“அதே அளவுன்னா என் படகு மட்டும் ஏன் ஓடிச்சு?” என்றாள் சிட்டு.

“விறகை இறக்கிட்டு வந்து கேளு.”

எல்லாரும் சேர்ந்து விறகை இறக்கினார்கள். காலியான படகில் மருதி ஏறப்போனாள். “நீ வேண்டாம்,” என்று அமுதவல்லி அவளைத் தடுத்து மாசாத்தனை ஏறச் சொன்னார். சிட்டு சின்னப் படகில் உட்கார்ந்து ஓங்கி உதைத்தாள்.

சின்னப் படகு போனது. பெரிய படகும் எல்லார் கண்ணெதிரே பின்னால் நழுவியது. மாசாத்தன் நிலைதடுமாறி மல்லாந்தான்.

“ஐயோ! கொசு தள்ளிடுச்சு!”

முதலில் சிரித்தது மருதிதான்.

சிரிப்பு அடங்கியதும் சிட்டு மெதுவாகக் கேட்டாள். “அப்ப வீட்டுக்குப் போக வேண்டியது நானாம்மா?”

“தன்னைத் தானே தண்ணியில தள்ளிக்கிட்டவளுக்கு இங்க விதி எதுவும் இல்ல.”

அமுதவல்லி மருதியின் பக்கம் திரும்பினார். “நாளைக்கு அக்கரைக்குப் போகணும். ரெண்டு படகும் இருக்கு. துணைக்கு யார் வேணும்னு நீயே சொல்லு.”



மருதி சிட்டுவைத் துணைக்குக் கேட்டாள். ஒரே படகு போதும் என்றாள்.