வேலிக்குச் சாட்சி சொல்ல ஓடிய ஓணான்

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது, ஆடுமாடுகளுக்கும் வழக்கு இருந்தது. ஓணானுக்கு மட்டும் எந்த வம்பும் கிடையாது. கரிசல் காட்டில் ஒரு கம்மம்புஞ்சையைச் சுற்றி நின்ற கிளுவை வேலியில் அது பிறந்தது, அங்கேயே வளர்ந்தது, பகல் முழுக்க அங்கேயே படுத்துக் கிடந்தது. பசித்தால் எறும்பு பக்கத்திலேயே வரும். பருந்து வந்தால் முள்ளுக்குள் நுழைந்துகொள்ளும். ஓட்டம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. ஓடிப் போய்ச் சேர ஒரு இடம் இருந்தால்தானே.

அந்தப் புஞ்சை எல்லா உயிர்களுக்கும் பொது. கதிர் முற்றும் நேரத்தில், ஒரு மத்தியான வேளை, வெள்ளாடு ஒன்று வேலியை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்து பாதிப் புஞ்சையை மேய்ந்துவிட்டது. ஓணான் மேலே இருந்து எல்லாவற்றையும் பார்த்தது. வயிறு நிறைந்த பிறகுதான் ஆட்டுக்குப் பயம் வந்தது. யாரும் கேட்பதற்கு முன்னால் தானே முந்திக்கொண்டு குளத்தங்கரைக்கு ஓடியது. அங்கே வேப்பமரத்தடியில் படுத்திருந்த எருமைதான் அந்தக் காட்டுக்கு நாட்டாமை.

“அநியாயம் நடந்துபோச்சு நாட்டாமை. காவலுக்கு நிக்கிற வேலியே பயிரை மேஞ்சிருச்சு” என்றது ஆடு.

எருமை அசைபோட்டுக்கொண்டே யோசித்தது. மேலே மழை பெய்தாலே கவலைப்படாத பிறவி, வழக்குக்கா பதறும்? கடைசியில் வாயைத் திறந்தது.

“பத்து நாள் வாய்தா. பத்தாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள வேலிக்குச் சாட்சி வரணும். கண்ணால கண்டவங்க சொந்தக் காலுல நடந்து வரணும். அடுத்தவன் முதுகுல ஏறி வந்தா அது அடுத்தவன் சாட்சி. யாரும் வரலேன்னா வேலிய வேரோட பிடுங்கித் தீ வச்சிருவோம்.”

காகம் வந்து சேதி சொன்னது. வேலி ஓணானைப் பார்த்து ‘நீதானே பார்த்தாய்’ என்றுகூடக் கேட்கவில்லை.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். ஓணானுக்கு வெயிலில் இறங்கும் முன்பே தெரிந்துவிட்டது. இத்தனை நாளும் வேலி என்பது சும்மா அங்கே இருப்பது என்று நினைத்திருந்தது. ஒரு நாள்கூட அதனிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

“நான் போறேன்க்கா” என்றது வேலியிடம்.

“எங்கடா தம்பி போவே? இந்த வேலியோட அந்தக் கடைசிக்கே நீ போனதில்லையே.”

அது உண்மைதான். ஊர்ந்து போனால் பாதி வழியிலேயே இருட்டிவிடும், வெட்டவெளியில் இரவு தங்கினால் பாம்புக்கு இரை. ஒரே பகலில் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஓடத்தான் வேண்டும்.

முதல் நாள் பத்தடி தூரத்தில் இருந்த எருக்கஞ்செடி வரைக்கும் ஓடியது. அவ்வளவுதான். நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது, எருக்கின் நிழலில் அப்படியே சரிந்தது.

“நேத்து வரைக்கும் நீ இங்க வந்ததே இல்லையே” என்றது எருக்கு. “நல்லா இளைப்பாறிட்டுப் போ.”

நன்றி சொல்ல ஓணான் வாயைத் திறந்தது. மூச்சு வரவில்லை. அதனால் தலையை மேலும் கீழும் ஆட்டியது. எருக்குக்குப் புரிந்தது.

இரண்டாம் நாள் காலெல்லாம் வலி. அன்றும் எருக்கு வரைக்கும்தான். மூன்றாம் நாள் ஆவாரை வரைக்கும் போனது. அங்கேயும் பேச்சு வரவில்லை, தலையாட்டிவிட்டுத் திரும்பியது. நான்காம் நாள் கொளுஞ்சிச் செடியைத் தொட்டது. ஐந்தாம் நாள் மறுபடி ஆவாரையிலேயே காலைப் பரப்பிப் படுத்துவிட்டது. அந்த வழியாக வந்த வெள்ளாடு நின்று வேடிக்கை பார்த்தது.

“ஏலே, நீ போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்த வருசக் கம்பே வெளைஞ்சிரும்.”

சாயங்காலம் ஓணான் வேலியிடம் வந்து அழுதது. “முடியலக்கா. நேத்து போன தூரம்கூட இன்னைக்குப் போக முடியல.”

“போக முடியாட்டிப் பரவால்ல தம்பி” என்றது வேலி. “எனக்காக ஒருத்தன் ஓடிப் பாத்தான்லா. அது போதும் எனக்கு.”

அதைக் கேட்டபின் ஓணானால் தூங்க முடியவில்லை. மறுநாள் ஓடும்போதுதான் ஒன்றைக் கவனித்தது. முதல் நாள் உயிரை வாங்கிய எருக்கஞ்செடி, எப்போது வந்தது எப்போது போனது என்றே தெரியவில்லை. தூரத்து வேப்பமரத்தைப் பார்த்தால்தான் கால் தளர்கிறது. அதனால் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. அடுத்த செடி எதுவோ அதை மட்டும் பார்த்தது.

பத்தாம் நாள் வெயில் ஏறும் முன்பே கிளம்பியது. கொஞ்சம் ஓடும், ஒரு செடி நிழலில் நிற்கும், அதற்குத் தலையாட்டும், மறுபடி ஓடும். வேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கொளுஞ்சியைத் தாண்டிய பிறகு எல்லாமே முன்பின் தெரியாத செடிகள். ஆனாலும் எதுவும் நிழலை மறுக்கவில்லை.

பொழுது குளத்தங்கரையைத் தொடும் நேரம், எருமையின் முன்னால் போய் விழுந்தது. கழுத்து இரத்தமாகச் சிவந்திருந்தது. வாய் திறந்தது, சொல் வரவில்லை.

“பேச வேண்டாம். நான் கேக்கேன், தலைய மட்டும் ஆட்டு” என்றது எருமை. “மேஞ்சத நீ பாத்தியா?”

ஓணான் தலையாட்டியது.

ஆடு குறுக்கே வந்தது. “இவன் எதுக்கும் தலையாட்டுவான் நாட்டாமை. வழியெல்லாம் ஒவ்வொரு செடிக்கும் ஆட்டிக்கிட்டேதான் வந்தான். எல்லாரையும் கேட்டுப் பாருங்க.”

கூடியிருந்த காடையும் கௌதாரியும் ஆமாம் என்றன. எருமை அசைபோடுவதை நிறுத்தியது.

“அப்போ இதுக்குச் சொல்லு. வேலியா பயிர மேஞ்சது?”

ஓணானின் நெஞ்சு அடித்த அடியில் தலை தானாகவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு முறை அசைந்தால் அக்கா சாம்பல். நான்கு கால் நகத்தையும் கரிசல் மண்ணில் ஊன்றியது. கொஞ்சநஞ்சம் இருந்த மூச்சையும் பிடித்துக்கொண்டது. கண் இருட்டியது. தலை அசையவில்லை.

எருமை வெகுநேரம் பார்த்தது. “ஆடா?”

தலை ஒரே ஒரு தடவை, நெற்றி தரையில் முட்டக் குனிந்தது.

“நடிக்கிறான்” என்றது ஆடு.

“பொய் சொல்லவும் கொஞ்சம் மூச்சு வேணும்டே” என்றது எருமை. “இவன்கிட்ட அது மிச்சமில்ல. வேலி நிக்கட்டும்.”

அன்று இரவு எருமையின் கொம்படியில் பத்திரமாகப் படுத்துவிட்டு, மறுநாள் ஓணான் வேலிக்குத் திரும்பியது. ஓட்டம் பழகிவிட்டதால் மூச்சு இருந்தது, தாராளமாகப் பேசலாம். இருந்தாலும் ஒவ்வொரு செடியிடமும் நின்று தலையைத்தான் ஆட்டியது. வேலியிடம் வந்தபோதும் அப்படியே.

“வந்துட்டியா தம்பி” என்றது வேலி.

வேலிக்கு ஓணான் சாட்சி என்று இன்றைக்கு ஊரில் கேலியாகச் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் யாரும் அந்த வெயிலில் ஓடியவர்கள் இல்லை. அன்று முதல்தான் ஓணான் கொஞ்சம் ஓடி, நின்று, தன்னை நிற்க விட்ட இடத்துக்கு நன்றியாகத் தலையாட்டி, பிறகு மறுபடி ஓடுகிறது.