வாய் திறக்கும் முன் வந்த பதில்

தங்கபுஷ்பம் அக்கா திரையைப் பார்த்துக் கத்தினாங்க. "நான் இன்னும் வாயே திறக்கல. அதுக்குள்ள தப்புங்குது!"

தூத்துக்குடியில மாடியில இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் சென்டர் அது. அக்காவுக்கு வயசு நாற்பத்து மூணு, எங்க மாஸ்டர் பீர் முகமதுவுக்கு இருபத்தெட்டு. பகுதி நேர டிப்ளமோவுல அக்காவுக்கு சி புரோகிராமிங் லேப் மட்டும் அரியர். மறுநாள் பரீட்சை, கடைசி வாய்ப்பு. இதுவும் போனா மொத்தப் படிப்பும் போச்சு. பக்கத்து மெஷின்ல இருந்த நான் என் வேலையை விட்டுட்டு எட்டிப் பார்த்தேன்.

மாஸ்டர் வந்தார். "என்ன கேக்குது?"

"நான் எழுதின புரோகிராம் முதல்ல வயசு கேக்குது. நாற்பத்து மூணுன்னு அடிச்சு என்டர் தட்டினேன். அடுத்தது, கல்யாணம் ஆயிடுச்சா? 'ஒய்' இல்லேன்னா 'என்' அடிக்கணும். நான் 'ஒய்'யைத் தேடுறதுக்குள்ள 'தவறான பதில்'னு முடிச்சிருது. இதுக்குப் பேயா பிடிச்சிருக்கு?"

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எத்தனை தடவை ஃபெயில் ஆனீங்க?"

கேக்குற நேரமா இது! எனக்குக் கோபமே வந்துருச்சு.

"மூணு," அக்கா குரல் இறங்கிப் போச்சு.

"டீ சொல்லவா?"

"மூணு தடவையும் வைவாவுலதான் மாஸ்டர், நேர்ல கேள்வி கேப்பாங்களே, அதுல. முதல் கேள்விக்கு முழிச்சேன். அதையே நினைச்சுக்கிட்டு அடுத்ததுக்கும்..."

"டீ சொல்லவான்னு கேட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாங்க. நான் என்னத்தைக் கண்டேன்?

மாஸ்டர் திரையைக் காட்டினார். "டீ வேணுமான்னு கேட்டா நீங்க முந்தின கேள்விக்கே பதில் சொல்றீங்க. இதுவும் அப்படித்தான். நாற்பத்து மூணை எடுத்துக்கிச்சு. நீங்க தட்டின என்டர் மிச்சம் கிடக்கு. அடுத்த கேள்விக்கு அதையே பதில்னு எடுத்துக்கிச்சு. அந்த ரெண்டாவது பதிலை வாங்குற ஸ்கேன்எஃப் வரியில, பெர்சன்ட் சி-க்கு முன்னாடி ஒரு ஸ்பேஸ் விடுங்க."

"வெறும் ஸ்பேஸா?"

"வெறும் ஸ்பேஸ்தான். மிச்சத்தை அது தள்ளிவிட்டுரும்."

அக்கா நம்பாமதான் ஒரு ஸ்பேஸ் தட்டி மறுபடி ஓட்டினாங்க, நாற்பத்து மூணும் அடிச்சாங்க. இந்தத் தடவை ரெண்டாவது கேள்வி வந்து அப்படியே காத்துக்கிட்டு நின்னுது. அக்கா பதில் அடிக்கல. இன்னும் குழம்பின முகத்தோடயே திரும்பினாங்க.

"மாஸ்டர், நாளைக்கு வெளியிலேருந்து வர்ற அந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேக்குற முதல் கேள்வியே தெரியலைன்னா?"

"தெரியலைன்னு சொல்லுங்க."

"ஐயோ, அப்புறம்?"

"அப்புறம் அவர் ரெண்டாவது கேள்வி கேப்பார் அக்கா. அப்ப நீங்க அங்க இருக்கணும்."