கழுத்தில் கிடந்த டோக்கன்

சமூகப் பொறுப்பு நிதியில் பனியன் கம்பெனி முதலாளி ரங்கநாயகம் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டினார். திறப்பு விழாவில் அவரைப் புகழ ஆள் வேண்டுமே. தைத்துக்கொண்டிருந்த துளசிமணியை எழுப்பி வேனில் ஏற்றினார் ஹெச்.ஆர். ஆபீசர். "தப்பா ஒரு வார்த்தை வந்தா நாளைக்கு வேலை இல்லை" என்றும் மிரட்டினார்.

மேடையில் முதலாளி மைக்கில் முழங்கினார். "பெண்களோட மானம்தான் எங்களுக்குப் பெரிசு." பிறகு துளசிமணியைப் பார்த்துச் சிரித்தார். "கழுத்துல என்னம்மா, பதக்கமா?"

"கக்கூஸ் டோக்கனுங்க. இதை மாட்டாம சீட்டை விட்டு எந்திரிக்கக் கூடாதுங்கறது நம்ம கம்பெனி ரூலுங்களே, அதான் மாட்டிட்டு வந்தேனுங்க. எங்க லைன் பொம்பளைங்க அத்தனை பேருக்கும் இது ஒண்ணுதானுங்க. அங்க எல்லாரும் அடக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க. பேச்சைச் சீக்கிரம் முடிச்சுக்குங்க."