சிவந்த தொண்டையும் வளைந்த அலகும்

அந்தக் காலத்தில், கரீபியக் கடல் தீவுகளில் பறவைகள் மனிதரைப் போலவே பேசிக்கொண்டிருந்தபோது, டொபாகோ என்ற சிறு தீவின் மலைக்காட்டில் கொக்ரிக்கோ என்ற பறவை வாழ்ந்தாள். கோழியளவு உடம்பு, மண்ணின் நிறம். குரல் மட்டும் அமுதம். விடியலில் அவள் படைத்தவனைத் துதித்துப் பாடுவாள். காடு அந்த இனிமையில் மயங்கி மறுபடியும் உறங்கிவிடும்.

ஒருநாள் ரீங்காரச் சிட்டு சிறகு படபடக்க வந்தது.

"அக்கா, நம் தீவும் பெரிய தீவான டிரினிடாடும் ஒரே நாடாகப் போகின்றன. பெருமான் அதற்குச் சின்னமாக ஒரு கேடயம் அருளியிருக்கிறார். கேடயத்தின் மேல் எங்கள் சிட்டினத்தின் உருவம். அதைத் தாங்கி நிற்கத் தீவுக்கு ஒருவர். உன் குரலுக்காக உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் கதிர் எழும்போது டிரினிடாடின் சதுப்புக் கரையில் நீ பாட வேண்டும்."

கொக்ரிக்கோ பூரித்துப் போனாள். "மறுபுறம் நிற்பது யார்?"

"டிரினிடாடின் செம்பறவை."

அவ்வளவுதான். பூரிப்பு அப்படியே வடிந்துவிட்டது.

நெடுந்தூரம் பறக்க முடியாத அவள், கடலாமையின் முதுகில் ஏறி அக்கரை சேர்ந்தபோது இரண்டாம் நாள் அந்திப்பொழுது. சதுப்பில் நின்ற கண்டல் மரங்களை நோக்கிச் செம்பறவைக் கூட்டம் திரும்பிக்கொண்டிருந்தது. வானமே பற்றிக்கொண்டதுபோல் அத்தனை சிவப்பு! பெருமானின் திருமேனியில் சார்த்திய செம்பட்டும் இதற்குத் தோற்குமோ என்று ஒரு கணம் நினைத்தாள். மறுகணம் வயிறு எரிந்தது. இந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் நான் நின்றால் என்னை யார் பார்ப்பார்கள்? கேடயத்தில் ஒட்டிய சேறு என்றல்லவா நினைப்பார்கள்!

கேடயத்தின் மறுபுறம் நிற்கவிருந்த கூட்டத்தின் தலைவன் அவளருகே இறங்கினான். அந்நாளில் அவன் அலகு ஊசிபோல் நேராக இருந்தது.

"வாருங்கள் அம்மா. பயணம் சுகந்தானே?"

"சுகத்துக்கு என்ன குறை? எந்தச் சாயத் தொட்டியில் விழுந்து எழுந்தீர்கள், ஐயா?"

அவன் சிரித்தான். "குஞ்சாக இருந்தபோது நானும் உங்களைப்போல் பழுப்புதான். இந்தச் சேற்று நண்டைத் தின்று தின்று சிவந்தேன். வருடங்கள் ஆயின."

"வருடங்களா? எனக்கு விடிவதற்குள் வேண்டும்!"

"கனி உண்ணும் உங்களுக்கு நண்டு எதற்கு? ஆசையாக இருந்தால் ஒன்று உண்ணுங்கள். கொடுக்கை மட்டும் ஒடித்து எறிந்துவிட வேண்டும்." ஒரு நண்டைப் பிடித்து, கொடுக்கை ஒடித்துச் சேற்றில் எறிந்து காட்டினான்.

அவன் எறிந்த கொடுக்கையே கொக்ரிக்கோ பார்த்தாள். நண்டின் உடம்பு மங்கல்; கொடுக்கோ செக்கச்செவேல். அடடா, சிவப்பெல்லாம் இருக்கும் இடத்தை எறியச் சொல்கிறானே! தனக்கு நிகராக ஒருத்தி வந்துவிடக் கூடாதென்று எத்தனை சாமர்த்தியம்!

அவன் திரும்பிய கணத்தில், கொழுத்த நண்டொன்றை உயிரோடு கொடுக்கும் காலுமாக விழுங்கினாள்.

நண்டு தொண்டையிலேயே நின்றது. உள்ளிருந்தபடி கவ்விப் பிடித்தது. மூச்சு அடைத்தது, கண்கள் பிதுங்கின, அவள் சேற்றில் புரண்டாள்.

"ஐயோ, கொடுக்கோடு விழுங்கிவிட்டீர்களா!" செம்பறவை பாய்ந்து வந்து தன் நீண்ட அலகை அவள் தொண்டைக்குள் நுழைத்தான். அவன் இழுக்க, நண்டு விடவில்லை. கால்களைச் சேற்றில் ஊன்றி, உயிரைக் கொடுத்து இழுத்தான். நண்டு வெளியே வந்து விழுந்தது. அவன் அலகு அரிவாள்போல் வளைந்துவிட்டது.

கொக்ரிக்கோ நீரில் தன்னைப் பார்த்தாள். தொண்டை இறகுகள் உதிர்ந்து, வெறுந்தோல் சிவந்திருந்தது. கேட்ட சிவப்பு கிடைத்துவிட்டது, கட்டைவிரல் அகலத்துக்கு.

மூன்றாம் நாள் விடிந்தது. "பாடு அக்கா" என்றது சிட்டு.

அவள் தலை குனிந்தாள். "பாட்டு போய்விட்டது. வேறு யாரையாவது நிறுத்துங்கள்."

"அப்படியானால் என்னையும் விட்டுவிடுங்கள்" என்றான் செம்பறவை. "அலகு கோணியவன் மட்டும் நிற்கலாமா?"

சிட்டு பெருமானிடம் பறந்து போய்த் திரும்பியது. "இருக்கும் குரலைக்கொண்டு கூப்பிடச் சொன்னார்."

கொக்ரிக்கோ கண்ணை மூடிக்கொண்டு வாய் திறந்தாள். "கொக்-ரி-கோ! கொக்-ரி-கோ!" தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல் இருந்தது. ஆனால் அந்தக் கரகரப்பு கடலைத் தாண்டிற்று. அத்தனை காலம் அவள் பாட்டில் உறங்கிப்போன டொபாகோ முதல்முறையாக விழித்து எழுந்தது.

"நில் அக்கா, உன் இடத்தில்" என்றது சிட்டு.

இருவரும் சிறகு விரித்துக் கேடயத்தின் இருபுறமும் நின்றார்கள். அவன் நிறத்தை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். வயிறு இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்தது. ஆனால் தனக்காக வளைந்த அந்த அலகைப் பார்த்ததும் பொறாமையை விழுங்கிக்கொண்டாள்.

அப்படித்தான் செம்பறவையின் அலகு அரிவாளாய் வளைந்தது; கொக்ரிக்கோவின் தொண்டை சிவந்து, குரல் கரகரத்தது; அன்று முதல் அந்த நாட்டின் சின்னத்தில் இருவரும் ஒரே கேடயத்தைத் தாங்கி, ஒருவரையொருவர் பார்த்தபடியே நிற்கிறார்கள்.